விளிம்பைத் தூங்கவிடாத நாள்

அந்தச் சனிக்கிழமை என்னுடையது. எங்கள் மக்காய் ஊரில் கான்கிரீட் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான், ஏனென்றால் ஒருவன் விடாமல் எல்லார் காதிலும் போட்டு வைத்திருக்கிறேன். பலகை அடித்தாகிவிட்டது, கம்பி கட்டியாகிவிட்டது, ஆய்வாளர் வந்து தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், என் ஆட்கள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விடிந்தும் விடியாமலும் நொயிலீன் டார்மனின் போன் பண்ணினாள். கான்கிரீட் தள்ளுகிற பம்பு அவளுடையது.

"மெர்வ் கண்ணு, இன்னிக்கு உனக்குப் பம்பு இல்ல. செமிசிகிட்ட போறேன்."

"என்னது? இது என் நாள். எப்பவோ சொல்லி வச்சாச்சு."

"அவன் பாதித் தளத்துல நிக்கிறான். கொண்டுவந்த பம்பு படுத்துருச்சு. நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஆரம்பிக்காதவன் செத்துப்போக மாட்டான்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

செமிசி தவாகே யாரென்றால், டோங்காவிலிருந்து வந்து எங்கள் ஊரில் தொழில் ஆரம்பித்தவன். எனக்கு வரவேண்டிய வேலைகளைக் குறைத்துப் பேசி வாங்கிக்கொண்டு போனவன். அவனுக்காக என் நாள் போயிற்று. மறுநாள் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. கம்பியெல்லாம் துரு ஏறி, பலகை ஊறி உப்பி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். என் ஆட்களில் நல்ல கை ஒன்று அந்த இடைவெளியில் செமிசியிடமே வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. நொயிலீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்கு நெஞ்சில் வந்து நிற்பது இதுதான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கை ஓடாது. சொல்லிவிட்டேன். இனி ஓடும்.

நொயிலீன் வாக்கர்ஸ்டன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துப் பெண். அப்பா மால்ட்டாக்காரர். கால் எட்டாத வயதிலேயே கரும்பு ஏற்றும் டிராக்டரில் உட்கார்ந்தவள். டிரெவ் என்ற கான்கிரீட்காரனைக் கட்டிக்கொண்டாள். டிரெவ் நிலக்கரிச் சுரங்கத்தில் நல்ல சம்பளம் என்று மேற்கே போனான், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன சொத்து, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய பம்பு லாரி. அதன் முதுகில் மடித்து வைத்த நீண்ட கை. கையை விரித்தால் இரண்டு மாடிக்கு மேலே போய்க் கழுத்தை வளைத்துக் கீழே கான்கிரீட்டைக் கக்கும். ஊரில் அதற்குக் கொக்கு என்று பெயர்.

பொம்பளை ஓட்டுகிற பம்பை முதலில் யாரும் கூப்பிடவில்லை. "தலைக்கு மேல அவ்வளவு பெரிய இரும்பு ஆடும்போது அந்தம்மா கையில விசை இருந்தா எனக்கு வயித்தக் கலக்கும்" என்று குழாய் வேலை செய்கிற கிளைவ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நொயிலீன் அவன் வேலை நடக்கும் இடத்துக்கே போனாள். தரையில் ஒரு பீர் பாட்டிலை நிறுத்தினாள். விசைப்பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு, கொக்கின் கையை விரித்து, நுனிக் குழாயால் அந்தப் பாட்டிலைத் தொட்டாள். பாட்டில் ஆடியது, விழவில்லை. "இப்ப வயிறு எப்படி இருக்கு கண்ணு?" என்றாள். கிளைவ் அன்றிலிருந்து அவளுக்கு அடிமை.

எல்லாரையும் கண்ணு என்பாள். திட்டும்போது இன்னும் கூடுதலாகக் கண்ணு வரும்.

எங்கள் தொழில் எப்படி என்றால், பெரிய கம்பெனி ஒன்று வேலையை எடுக்கும். தளம் ஒருவனுக்கு, குழாய் ஒருவனுக்கு, கரண்டு ஒருவனுக்கு, கூரை ஒருவனுக்கு என்று பிரித்துக் கொடுக்கும். கொடுக்கும்போது எங்களை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டு விலையைக் குறைக்கும். நாங்களும் நாய்களைப் போலக் கடித்துக்கொள்வோம். ஆனால் எவனிடமும் எல்லாச் சாமானும் கிடையாது. தளத்தை மழமழவென்று தேய்க்கிற சுழல் மிஷின் ஒருவனிடம் இருந்தால் ஈரக் கான்கிரீட்டைக் குலுக்கி அமுக்குகிற வைப்ரேட்டர் இருக்காது. வைப்ரேட்டர் உள்ளவனிடம் நீளக் குழாய் இருக்காது. வாடகைக்கு எடுத்தால் லாபம் அதிலேயே போகும்.

ஊர் ஓரத்துப் பேஜட்டில் நொயிலீனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அவளே ஆரம்பித்ததில்லை, தானாக ஆரம்பித்தது. யாரோ ஒருவன் ஒரு வைப்ரேட்டரை அங்கே போட்டுவிட்டுப் போனான். இன்னொருவன் அதை எடுத்துப் போய்விட்டு, திருப்பி வைக்கும்போது தன் குழாய்களையும் வைத்தான். சில வருஷத்தில் ஊரில் பாதிச் சாமான் அங்கேதான் கிடந்தது. செமிசியின் குழாய் சிவப்பு, என்னுடையது மஞ்சள், நொயிலீனுடையது நீலம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சட்டம் ஒன்றே ஒன்று: கழுவிக் கொண்டுவர வேண்டும். கான்கிரீட் உள்ளே காய்ந்து ஒட்டிய குழாய் அடுத்தவனுக்கு எமன். "கழுவாமக் கொண்டாந்தவன் அடுத்த தடவை வாயால ஊதித் தளம் போடட்டும்" என்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமான் இரவல் வாங்கினவன் ஒரு பெட்டி பீர் வைப்பான், அவள் மால்ட்டா முறையில் சீஸ் வைத்த பப்ஸ் சுட்டு அடுக்குவாள். கணக்கு அதோடு முடிந்தது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நானும் அங்கே போகத்தான் போனேன். வேறு வழி? செமிசியின் வண்டி வெளியே நின்றால் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன்.

இனி துறைமுகத்து வேலைக்கு வருகிறேன்.

மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு. அதன் தரை முழுவதையும் ஒரே மூச்சில் போட வேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது. அந்தக் குளிரில் ஒட்டு இருந்தால் அந்த இடத்தில்தான் தரை வெடிக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது: ஒட்டு விழுந்தால் முழுத் தளத்தையும் உடைத்து எடுத்துவிட்டு என் செலவில் மறுபடி போட வேண்டும். போட முடியாது. என்னிடம் அப்படிச் செலவு செய்ய எதுவும் இல்லை. ஒட்டு விழுந்தால் என் தொழில் மூடியது, என்னை நம்பியிருந்த ஆட்கள் தெருவில். அவ்வளவு பெரிய வேலையை ஏன் எடுத்தாய் என்று என் மனைவி கேட்டாள். எடுக்காவிட்டால் செமிசி எடுத்திருப்பான் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் மாதம், எங்கள் பக்கம் அது கோடை. கரும்பு அரவை முடிகிற நேரம், ஊரெல்லாம் பாகு வாசனை. சூரியன் வந்தவுடனேயே முதுகில் அடித்தது. கொக்கு கையை விரித்து நின்றது. நொயிலீன் அகல வைக்கோல் தொப்பியோடு, விசைப்பெட்டியோடு, கிடங்கின் ஓரத்தில் நின்றாள். கலவை லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து கொக்கின் வாயில் கொட்டின.

அதைப் போல ஒரு காலை வேலையை நான் பார்த்ததில்லை. குழாய் நுனியைப் பிடித்தவன் நடக்க நடக்கச் சாம்பல் நிறத்தில் கான்கிரீட் பரவுகிறது. பின்னால் வாருகோல்காரர்கள் இழுக்கிறார்கள். அவர்கள் பின்னால் வைப்ரேட்டர் குர்ரென்று இறங்கி ஏறுகிறது. அதன் பின்னால் மட்டப்பலகை. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கத்துகிறவன், அன்றைக்குக் கத்தவே இல்லை. பாதித் தளம் வந்துவிட்டது. நான் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று பிறகு கிளைவ் சத்தியம் செய்தான்.

அப்போது கொக்கு விக்கியது.

பம்பு லாரி தன் சக்கரத்தில் ஒரு தடவை குலுங்கியது. நுனிக் குழாய் பிடித்திருந்தவன் கையில் பாம்பு போலத் துள்ளியது.

"குழாய விடு! விலகு! எல்லாரும் விலகு!" நொயிலீன் அலறினாள். பம்பை நிறுத்திவிட்டாள். பின்னோக்கி உறிஞ்சவிட்டாள். மறுபடி தள்ளினாள். லாரி முனகியது. எதுவும் வரவில்லை. மறுபடி. மறுபடி.

"எங்க அடைச்சிருக்கு?" என்றேன்.

"மேல. ரெண்டாவது முழங்கை." கொக்கின் கை மடிகிற இடத்தில் ஒரு வளைந்த குழாய் உண்டு, பெண்டு என்போம். கொட்டகையிலிருந்து எடுத்துப் போட்ட பெண்டு அது. "கைய இறக்கி, கழட்டி, உள்ள இருக்கறதெல்லாம் தட்டி எடுத்து, திரும்ப மாட்டணும்."

"எவ்வளவு நேரம்?"

அவள் தளத்தைப் பார்த்தாள். போட்ட பாதியின் விளிம்பு, வெயிலில், ஏற்கெனவே பளபளப்பு மங்கிக்கொண்டிருந்தது. "அவ்வளவு நேரம் இந்த விளிம்பு முழிச்சிருக்காது" என்றாள்.

அந்த விளிம்பு இறுகிவிட்டால் அதன்மேல் எது போட்டாலும் ஒட்டுத்தான்.

நொயிலீன் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்துவிட்டாள். "செமிசி, கண்ணு, எங்க இருக்க? கொட்டிக்கிட்டு இருக்கியா? இல்லையா? நல்லது. உன் குட்டிப் பம்ப இழுத்துக்கிட்டுத் துறைமுகத்துக்கு வா. ஆமா, மெர்வ் வேலைதான். என்ன சிரிப்பு? வா." வைத்துவிட்டு அடுத்த எண். "கிளைவ், எங்க இருக்க? கொட்டகைக்குப் போ. நீளக் குழாய் எல்லாத்தையும் அள்ளு. நிறம் பார்க்காத. கிளாம்பு வாளியோட தூக்கிட்டு வா." அடுத்தது கலவை ஆலைக்கு. "அனுப்பாத. நான் சொல்றவரைக்கும் ஒரு லாரியும் கிளப்பாத." பிறகு என்னிடம் திரும்பினாள். "நீ எதுக்கு சிலை மாதிரி நிக்கிற? விளிம்பத் தூங்கவிடாத!"

அதுதான் வழி. இறுகத் தொடங்கும் விளிம்பில் வைப்ரேட்டரை மறுபடி மறுபடி இறக்கிக் குலுக்கினால் அது கொஞ்ச நேரம் விழித்திருக்கும். ஆனால் விளிம்பு நீளம், கிடங்கின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை. என்னிடம் வைப்ரேட்டர் போதாது, கையும் போதாது.

நொயிலீன் மேலே பார்த்துக் கத்தினாள். கூரையில் தகடு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இறங்குங்கடா கண்ணுகளா! மெர்வ் சாகப்போறான், வந்து வேடிக்க பாருங்க, கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு!" கரண்டு வேலை செய்கிறவர்கள் தங்கள் துளையிடும் மிஷினைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். கூரைக்காரர்கள் வந்தார்கள். அவள் லாரியிலிருந்து கொட்டகை வைப்ரேட்டர்களை இழுத்துக் கொடுத்தாள். எவன் எதைப் பிடித்தான் என்று தெரியாது. கரண்டுக்காரன் ஒருவன் வைப்ரேட்டரைப் பிடித்து, அது அவனைப் பிடித்து, இருவரும் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயே வச்சுத் தேய்க்காத! குத்து, எடு, நகரு!" என்றேன்.

"உன் பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் பேசுவியா?" என்றான் அவன், பல் கிடுகிடுக்க.

கம்பெனியின் மேற்பார்வையாளர் ஹேடன் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி. "இவங்க யாரும் உன் ஆளுங்க இல்ல, மெர்வ். அவங்கவங்க அவங்கவங்க வேலையத்தான் செய்யணும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் எனக்குத்தான்..."

"ஹேடன் கண்ணு," என்றாள் நொயிலீன், "உன் ரூமுக்குள்ள போன் அடிக்குது பாரு."

"எந்த போன்?"

"போய்ப் பாரு."

அவர் போனார். கொஞ்சம் கழித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற குழாயோடு வந்தார். எதுவும் பேசாமல், விளிம்பு காயாமலிருக்க நாங்கள் போட்டிருந்த சாக்குகள்மீது பூந்தூறலாக அடிக்க ஆரம்பித்தார். சட்டையெல்லாம் தண்ணீர்.

வரிசையில் நின்ற லாரி ஒன்றில் கலவைக்கு வயதாகிவிட்டது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். உருளைக்குள்ளேயே இறுகினால் லாரியும் போச்சு. நொயிலீன் தன் லாரியில் எப்போதும் வைத்திருக்கும் சர்க்கரை மூட்டையைக் காட்டினாள். சர்க்கரை விழுந்தால் சிமெண்ட் இறுகாது, எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மூட்டையோடு உருளைக்குள் கவிழ்த்தார்கள். "ஓரமாக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வா. எறும்புங்களுக்குக் கல்யாணம்" என்றாள்.

கிளைவ் போன் பண்ணினான். "நொயிலீன், குழாய் எல்லாம் ஏத்திட்டேன். ஆனா கரும்பு ரயில் குறுக்க போகுது. பெட்டி வந்துக்கிட்டே இருக்கு. முடிவே இல்ல."

"எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காத. வால் தாண்டினதும் மிதி."

விளிம்பின் வடக்கு மூலையில் நான் முழங்காலில் இருந்தேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். போனது. இன்னும் போனது. ஆனால் விரல் முன்பு போல எளிதாகப் போகவில்லை. "இங்க! இங்க ரெண்டு பேர் வாங்க!" என்று கத்தினேன். வந்தார்கள். குலுக்கினார்கள். மறுபடி ஈரம் மேலே வந்து மினுக்கியது. தெற்கு மூலையில் ஒருவன் கத்தினான். அங்கே ஓடினோம். இப்படியே அந்த விளிம்பு முழுவதும், அழுகிற குழந்தைகள் நிறைந்த வீட்டில் அம்மா ஓடுகிற மாதிரி, ஓடிக்கொண்டே இருந்தோம்.

அப்போதுதான் செமிசியின் வண்டி, பின்னால் குட்டிப் பம்பு குதிக்க, வாசலில் திரும்பியது. அதன் வாலிலேயே கிளைவ். செமிசி ஆறடிக்கு மேல் உள்ள ஆள், வண்டியிலிருந்து இறங்கினால் வண்டி நிமிரும். இறங்கினான். அதற்குள் கொக்கின் கையை இறக்கிக் கழற்றிப் போட்டிருந்த பெண்டு தரையில் கிடந்தது. உள்ளே கான்கிரீட் காய்ந்து வளையமாக ஒட்டியிருந்ததை நான் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். என் பயம் முழுவதும் அவன்மேல் பாய்ந்தது.

"இந்தப் பெண்ட கொட்டகையிலருந்து போன வாரம் எடுத்துட்டுப் போனவன் நீதான! கழுவாமத் திருப்பி வச்சியா? பாரு! உள்ள பாரு! என் தலையில மண்ணப் போட்டுட்டியே!"

செமிசி குனிந்து பெண்டின் உள்ளே பார்த்தான். பிறகு நொயிலீனைப் பார்த்தான். அவள் கொக்கின் பக்கம் திரும்பி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணே, நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றான். "என்னப் பிறகு அடி. இப்பக் குழாயப் பிடி."

பிடித்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் கலந்து குழாய்களை மாட்டினோம். கிளைவ் ஒவ்வொரு கிளாம்பையும் சுத்தியால் தட்டிப் பூட்டிக்கொண்டே வந்தான். செமிசி ஒவ்வொரு குழாயையும் மாட்டுவதற்கு முன் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தான். நொயிலீன் லாரியை வரச்சொல்லிக் கை காட்டினாள். குட்டிப் பம்பு இருமியது, இன்னொரு தடவை இருமியது, அப்புறம் நாய் குரைப்பது போல டப் டப் டப் என்று பிடித்துக்கொண்டது. மூன்று நிறப் பாம்பு தரையில் நெளிந்தது. நுனியை நானும் செமிசியும் தோளில் தூக்கிக்கொண்டு நின்றோம். சில நொடி காற்று மட்டும் வந்தது. அப்புறம் வந்தது. சாம்பல் நிறத்தில், கனமாக, சூடாக, அந்த விளிம்பின்மேல்.

"இறக்கு! ரெண்டையும் சேர்த்துக் கலக்கு!" வைப்ரேட்டர்கள் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் குடைந்தன. நான் கையை மணிக்கட்டுக்கு மேல்வரை விட்டுத் துழாவினேன். பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. தெரியவில்லை! நான் கத்திய கத்தலில் துறைமுகத்துக் கடற்பறவைகள் எல்லாம் எழும்பின. கூரைக்காரர்கள் ஊளையிட்டார்கள். ஹேடன் தண்ணீர்க் குழாயை வானத்தைப் பார்த்து அடித்தார்.

குட்டிப் பம்பு வீட்டு வாசல் போடுகிற பம்பு. அவ்வளவு பெரிய தரைக்கு அது நாக்கைத் தள்ளியது. அது மூச்சு வாங்கும்போதெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம், வாளியில் கொண்டுபோனோம். அதற்குள் கொக்கையும் தட்டிக் கழுவி எழுப்பிவிட்டார்கள். ஆனால் நொயிலீன் விசைப்பெட்டியை மறுபடி மாட்டவில்லை. "குட்டியே போதும்" என்றாள். ஏன் என்று கேட்க எனக்கு நேரமில்லை. கடைசி லாரி வந்தது. கடைசி மூலை நிறைந்தது. இரண்டு சுழல் மிஷின், ஒன்று என்னுடையது, ஒன்று செமிசியுடையது, அருகருகே சுற்றித் தரையைத் தேய்த்தன. சாயங்கால வெயில் உள்ளே வந்தபோது தரை ஏரித் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. ஹேடன் நடந்து நடந்து பார்த்தார். பிறகொரு நாள் தளம் சோதிக்கிறவர்கள் வந்து துளைபோட்டு எடுத்தும் பார்த்தார்கள். ஒட்டு எங்கே என்று இன்றுவரை யாராலும் காட்ட முடியவில்லை.

அன்று சாயங்காலமே பேஜட் கொட்டகைக்கு எல்லாரும் போனோம். பீரை நான் பெட்டி பெட்டியாக இறக்கினேன். பப்ஸ் அடுப்பிலிருந்து வந்தது. கிளைவ் எங்கிருந்தோ அந்தப் பெண்டைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான். "செமிசிக்குப் பரிசு. கழுவாத மகாராஜா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். செமிசியும் சிரித்தான்.

"சிரிக்காத செமிசி" என்றாள் நொயிலீன். "கிளைவ், அத என் முன்னால வை."

வைத்தான்.

"அவன் கழுவித்தான் கொண்டாந்தான். அப்புறம் அத நான்தான் கொக்குல போட்டேன், ஒரு வேல முடிச்சேன், நானே கழுவினேன். உள்ள பார்த்தேன். ஒண்ணும் இல்லன்னு மாட்டினேன்." பெண்டின் வாய்க்குள் விரலை விட்டு அந்த வளையத்தைத் தடவினாள். "இப்பக்கூட எனக்குத் தெரியல. கையிலதான் தெரியுது. நேராப் பார்த்தா நடுவுல ஒரு கறுப்பு. ஓரமா மட்டும்தான் தெரியும். டாக்டர் இது இனிமே திரும்பாதுன்னுட்டார்."

பீர் பாட்டில் ஒன்றை யாரோ மெதுவாகக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்று செமிசியைக் கேட்டேன்.

"ஒரு தடவ எனக்கு டீ ஊத்தினாங்க, கோப்பைக்கு வெளிய" என்றான் அவன். "தெரியாத மாதிரி குடிச்சேன்."

"கோப்பையே காலி, என்னத்தடா குடிச்ச?" என்றான் கிளைவ்.

"நீ ஏன் சொல்லல?" என்று செமிசியைக் கேட்டேன். "காலையில நான் அவ்வளவு கத்தினேனே."

"நீ எப்பவும் கத்தறவன்தானே அண்ணே."

நான் ஒரு பாட்டிலைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன். அவன் எடுத்துக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை என்னுடையதுதான், அது வேறு.

"என்ன, எழவு வீடு மாதிரி?" என்றாள் நொயிலீன். "பப்ஸ் ஆறுது. கேளுங்க. உங்க தலைக்கு மேல அந்த இரும்பக் கண்ணு தெரியாம ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நாலு மாசமா. யாரையாவது இடிச்சிருந்தா? இன்னிக்கு மெர்வ் தளத்துல ஒரு அடைப்போட போச்சு, நல்லது. கொக்கு இனிமே இங்கதான் நிக்கும், மத்த சாமான் மாதிரி. ஓட்டத் தெரிஞ்சவன் எடுத்துட்டுப் போகட்டும். கழுவிக் கொண்டாரணும். உள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்க்கணும். அவ்வளவுதான். குடிங்க."

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் இருந்தாள். நுரையீரலில் நோய் வந்தது, ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அதுவரை வாக்கர்ஸ்டனில் அவள் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மெர்வ், உன் சுழல் மிஷின அங்க கொடு. மெர்வ், கொக்கோட எண்ணெய மாத்து. எல்லாம் உத்தரவுதான், கேட்டதில்லை. அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தச் சாயங்காலம்தான்.

அவளை என் வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினேன். பப்ஸ் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து கொக்கின் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"மெர்வ் கண்ணு, ஒண்ணு கேக்கறேன், செய்வியா? திங்கக்கிழம காலைல நான் போன் பண்ணுவேன். கண்ணு இன்னிக்கு நல்லாத் தெரியுதும்பேன். சின்ன வேலதான், ஒரு வாசப்படிதான்னு சொல்வேன். அழுதாலும் அழுவேன். என்னத் தெரியுமில்ல உனக்கு. அப்பவும் இத என்கிட்டக் குடுத்துடாத."